முன் வீல் ஊளையிடுகிறதா, ஆக்ஸில் நட்டு அசையவில்லையா: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

என்னிடம் இரண்டு வாடகைக் கார்கள் ஓடுகின்றன. ஒன்றுக்கு மாதத்தில் பாதி நாள் ராமேசுவரம் சவாரி. இன்னொன்று மதுரையில் மாட்டுத்தாவணிக்கும் விமான நிலையத்துக்கும் நடுவே ஊருக்குள்ளேயே உழலும். இரண்டுமே முன் சக்கர இழுவை வண்டிகள். இதுவரை இரண்டிலும் சேர்த்து முன் வீல் பேரிங்கை ஏழு தடவை மாற்றியாகிவிட்டது. அதில் இரண்டு தடவை டயர் போட்ட சத்தத்துக்குப் பேரிங்கைக் கழற்றிப் போட்டது. ஒரு தடவை, மாற்றிய பேரிங்கையே மூன்று வாரத்தில் மறுபடி மாற்றியது. மிச்சம் நாலுதான் கணக்கில் சேரும்.

நான் மெக்கானிக் இல்லை. செலவு கையைக் கடித்ததால் ஸ்பேனரைக் கையில் எடுத்தவன். ஸ்விஃப்ட், வேகன் ஆர், ஐ10 அளவிலான வண்டிகளை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். உங்களுக்கு எந்த அறிகுறியோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். வண்டி வாசலில் ஜாக்கியில் நிற்க, ஆக்ஸில் நட்டு (எஞ்சின் சுழற்சியை வீலுக்குக் கொண்டுவரும் ஷாஃப்டை வீலின் நடுவில் பிடித்திருக்கும் பெரிய நட்டு) அசையாமல், ஃபோனில் இதைப் படித்துக்கொண்டிருப்பவர்கள் முதலில் வண்டியைக் கீழே இறக்குங்கள். ஏன் என்று நட்டுப் பகுதியில் சொல்கிறேன்.

ஐம்பதைத் தாண்டினால் 'ஊம்ம்ம்' என்று ஊளை

*டயரா?* முதல் சந்தேகம் டயர் மேல்தான். உள்ளங்கையை டயர் மேல் முன்னும் பின்னுமாகத் தேய்த்துப் பாருங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் எதிர்த் திசையில் ரம்பப் பல்லைப் போலவும் தட்டுப்பட்டால், தேய்ந்த விதத்தாலேயே அந்த டயர் சத்தம் போடும். முன் டயரைப் பின்னாலும் பின் டயரை முன்னாலும் மாற்றிப் போட்டு, ஒத்தக்கடை தாண்டி நாலுவழிச் சாலையில் ஒரு ஓட்டு ஓட்டுங்கள். சத்தம் பின்னால் போய்விட்டதா? டயர்தான். அரை மணி நேர வேலை இது. இதைச் செய்யாமல்தான் நான் இரண்டு நல்ல பேரிங்குகளைக் குப்பையில் போட்டேன். இன்னொன்று: சிமென்ட் சாலையில் எல்லா வண்டியும்தான் ஊளையிடும். தார்ச் சாலையில் கேட்டு முடிவெடுங்கள்.

*எஞ்சினா, வீலா?* அறுபதில் போகும்போது, முன்னும் பின்னும் வண்டி இல்லாத இடத்தில், கியரை நியூட்ரலுக்குத் தள்ளி உருள விடுங்கள். எஞ்சின் வேகத்தோடு சத்தமும் சட்டென்று இறங்கினால் கோளாறு வீலில் இல்லை. வண்டியின் வேகத்தோடு மெல்ல இறங்கினால் வீல் பக்கம் பாருங்கள்.

*எந்தப் பக்கம்?* அகலமான காலி இடத்தில் மெதுவாக இடப்பக்கம் வளையுங்கள், அப்புறம் வலப்பக்கம். இடப்பக்கம் வளையும்போது பாரம் வலது வீல் மேல் ஏறும். அப்போது சத்தம் கூடினால் வலது பேரிங் கெட்டிருக்கிறது. வலப்பக்கம் வளையும்போது கூடினால் இடது. காதை மட்டும் நம்பிப் பக்கத்தை முடிவு செய்யாதீர்கள். காருக்குள் சத்தம் சுற்றிச் சுற்றி வந்து ஏமாற்றும். எங்கள் டிரைவர் ஒருமுறை "அண்ணே, இடதுதான், எழுதி வச்சுக்கங்க" என்றார். வலதாக இருந்தது.

*உறுதி செய்ய:* முன்பக்கம் இரண்டு வீலையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். பின் வீல்களுக்குக் கல் கொடுங்கள். நியூட்ரலில் ஒரு கையால் வீலைச் சுற்றிக்கொண்டே மறு கையைச் சுருள் ஸ்பிரிங் மேல் வைத்தால், கெட்ட பேரிங்கின் நறநறப்பு கம்பி வழியாக விரலுக்கு வரும். அம்மியில் கல்லுப்பு அரைபடுவது போல இருக்கும். சந்தேகமாக இருந்தால் மறுபக்கத்தையும் தொட்டு ஒப்பிடுங்கள்.

வளைவில் சத்தம் மாறவில்லை, ஸ்பிரிங்கிலும் ஒன்றும் தெரியவில்லை என்றால் கியர்பாக்ஸ் பேரிங்காக இருக்கலாம். அது வாசலில் வைத்துப் பார்க்கிற வேலை இல்லை. மெக்கானிக்கிடம் விடுங்கள்.

வீல் சுற்றும்போது உரசல், கிரீச்

பாதிக்குப் பாதி இது ஒரு கல்தான். பிரேக் டிஸ்கின் பின்னால் இருக்கும் தகட்டுக்கும் டிஸ்குக்கும் நடுவே ஜல்லி சிக்கினால், வண்டியே பிளந்துவிட்டது போலச் சத்தம் வரும். ரிவர்ஸில் பத்தடி போய்ப் பிரேக் பிடியுங்கள், பல சமயம் விழுந்துவிடும். விழாவிட்டால் வீலைக் கழற்றி, தகட்டை ஸ்க்ரூ டிரைவரால் லேசாக நெம்பிவிட்டால் போதும். மேலூர்ப் பக்கம் ஜல்லி கொட்டிய பாதையில் போய் வந்த பிறகு சத்தம் ஆரம்பித்தது என்றால் வேறு எதையும் தேட வேண்டாம்.

கல் இல்லையா? அடுத்து பிரேக் பேடைப் பாருங்கள். தேய்ந்து முடியும் நேரத்தில் கிரீச்சிடுவதற்கென்றே சில பேடுகளில் ஒரு தகடு வைத்திருப்பார்கள். அதுவும் சரியாக இருந்தால், பேடை டிஸ்கில் அழுத்தும் காலிப்பர். இருபது கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, இரண்டு முன் வீல்களின் பக்கத்திலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொட வேண்டாம். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் காலிப்பர் பிடித்துக்கொண்டிருக்கிறது. பிரேக் வேலையில் பழக்கமில்லை என்றால் இந்த இடத்தில் கை வைக்காதீர்கள்.

டக், டக்

இதில் இரண்டு வகை உண்டு. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பும்போது 'டக்டக்டக்' என்று தொடர்ந்து வந்தால் ஷாஃப்டின் வெளி ஜாயின்ட். ரப்பர் பூட் கிழிந்திருக்கிறதா, வீலின் உட்பக்கம் கிரீஸ் தெறித்திருக்கிறதா என்று பாருங்கள். பூட் கிழிந்தும் சத்தம் வரவில்லை என்றால் பூட்டையும் கிரீஸையும் மாற்றித் தப்பிக்கலாம். சத்தம் வந்துவிட்டால் ஜாயின்டையே மாற்ற வேண்டியதுதான்.

முன்னால் போய் நிறுத்தி, ரிவர்ஸ் எடுக்கும்போது ஒரே ஒரு 'டக்' வந்தால் ஆக்ஸில் நட்டு தளர்ந்திருக்கிறதா என்று உடனே பாருங்கள். எஞ்சின் மவுண்டும் இப்படித்தான் சத்தம் போடும். ஆனால் நட்டைப் பார்க்க இரண்டு நிமிடம்கூட ஆகாது. தளர்ந்த நட்டோடு ஓடும் வண்டியின் பேரிங் நிற்காது. அந்த நட்டின் முடுக்குதான் பேரிங்கை ஒன்றாகப் பிடித்து வைத்திருக்கிறது.

வீலைப் பிடித்து ஆட்டினால் ஆடுகிறது

வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் வைத்து, டயரைக் கடிகாரத்தின் பன்னிரண்டிலும் ஆறிலும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருக்கிறதா? இப்போது உள்ளே ஒருவரை உட்கார வைத்துப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங். நிற்காமல் ஆடினால் கீழே இருக்கும் பால் ஜாயின்ட். மூன்றிலும் ஒன்பதிலும் பிடித்தால் மட்டும் ஆடுகிறது என்றால் ஸ்டியரிங்கை வீலோடு சேர்க்கும் டை ராடு எண்டு, பேரிங்கை விடக் குறைந்த செலவு.

ஆட்டமும் ஊளையும் சேர்ந்தே இருந்தால் வண்டியை ஓட்டிக்கொண்டு பட்டறைக்குப் போகாதீர்கள். ரெக்கவரி வண்டியைக் கூப்பிடுங்கள். கப்பலூர் வரைதானே, மெதுவாகப் போய்விடலாம் என்று தோன்றும். அந்தக் கணக்கைப் போடாதீர்கள்.

பேரிங் என்று முடிவாகிவிட்டதா? அப்படியென்றால் அடுத்து நட்டு.

ஆக்ஸில் நட்டு அசையவே இல்லை

இந்த வேலையில் பேரிங்கால் அழுதவர்களை விட நட்டால் அழுதவர்கள் அதிகம். ஊருக்குள் ஓடும் என் வண்டியில் இந்த நட்டு பத்து நிமிடத்தில் வந்துவிடும். பாம்பன் காற்றில் அரிச்சல்முனை வரை போய் வரும் வண்டியில் ஒருமுறை ஒன்றரை நாள் ஆனது. மதுரையில் உப்புக்காற்று இல்லை. ஆனால் பழைய வண்டி வாங்கியிருந்தால் அது எங்கே ஓடியது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ராமநாதபுரம், தூத்துக்குடி என்றால் நட்டுக்கு முதல் நாளே எண்ணெய் போட ஆரம்பித்துவிடுங்கள்.

*லாக்கை எடுத்தீர்களா?* பாதிப் பேர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். நட்டின் மெல்லிய கழுத்தை ஷாஃப்டின் காடிக்குள் அடித்து மடக்கியிருப்பார்கள். கிரீஸும் மண்ணும் மூடி அது கண்ணுக்கே தெரியாது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, சிறிய உளியைக் காடிக்குள் கொடுத்து மடங்கிய உதட்டை வெளியே நிமிர்த்துங்கள். சில வண்டிகளில் இதற்குப் பதில் பூ வடிவத் தொப்பியும் ஸ்பிளிட் பின்னும் இருக்கும், பின்னை முழுதாக உருவ வேண்டும். லாக்கோடு சேர்த்துத் திருப்பினால் நட்டு வரும், ஷாஃப்டின் மரையையும் வழித்துக்கொண்டு வரும். அப்புறம் சில நூறு ரூபாய் நட்டுக்குப் பதில் பல ஆயிரம் ரூபாய் ஷாஃப்டு.

உளியை அடிக்கும்போது கண்ணாடி போடுங்கள். அரவிந்த் கண் ஆஸ்பத்திரி நம் ஊரில்தான் இருக்கிறது என்ற தைரியம் வேண்டாம்.

*வண்டி தரையில் நிற்கிறதா?* ஜாக்கியில் நிற்கும் வண்டியில் நீளப் பைப் போட்டு மிதிப்பதைப் போல ஆபத்தான காரியம் இந்த வேலையில் வேறில்லை. நட்டு தளர்கிற வரை நாலு டயரும் தரையில் இருக்கட்டும். வீலின் நடுத் தொப்பியை மட்டும் கழற்றினால் போதும். அலாய் வீலில் சில தொப்பிகள் பின்பக்கத்திலிருந்துதான் வரும். அதற்கு வீலைக் கழற்றித் தொப்பியை எடுத்துவிட்டு, மறுபடி வீலை மாட்டி இறக்க வேண்டும். சலிப்பாக இருந்தாலும் செய்யுங்கள்.

கைப்பிரேக் போட்டு, கால் பிரேக்கை ஒருவர் முழு பலத்தோடு மிதித்திருக்க வேண்டும். இடது நட்டைக் கழற்றும்போது வண்டி முன்னால் நகரப் பார்க்கும், வலது நட்டுக்குப் பின்னால் நகரப் பார்க்கும். கல்லை அதற்குத் தக்க வையுங்கள். இடம் சிமென்ட் தரையாக இருப்பது நல்லது. சித்திரை வெயிலில் இளகிய தாரில் ஜாக்கி புதைந்துபோவதைப் பார்த்தவன் நான். வேறு வழியில்லை என்றால் அடியில் கனமான பலகை கொடுங்கள்.

*சாக்கெட் சரியா?* சின்னக் கார்களில் 30 அல்லது 32 எம்.எம். அதிகம் வரும். வாங்குவதற்கு முன் அளந்துகொள்ளுங்கள். ஆறு மூலை சாக்கெட்தான் வேண்டும். பன்னிரண்டு மூலை சாக்கெட் நட்டின் முனையை மழுக்கிவிடும். சாக்கெட்டைத் திருப்ப அரை இஞ்ச் பாரைவிட முக்கால் இஞ்ச் பார் மேல். அரை இஞ்ச் பார் தலை ஒடிந்து என் முழங்கை சுவரில் போய் மோதியது, அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

*எண்ணெய்:* டபிள்யூ.டி. 40 அல்லது ரஸ்ட் ஆயில், எதுவானாலும் அடித்த உடனே திருப்பாதீர்கள். மரையைத் துலக்கி, நட்டும் ஷாஃப்டும் சேரும் இடத்தில் விட்டு, சுத்தியலால் நட்டின் பக்கங்களில் சுற்றிலும் தட்டுங்கள். ஷாஃப்டின் நுனியில் தட்டக் கூடாது. ஒரு மணி நேரம் கழித்து மறுபடி எண்ணெய். முடிந்தால் ராத்திரி முழுக்க ஊறட்டும்.

*பைப்:* பாரின் மேல் நாலடி ஜி.ஐ. பைப்பைச் செருகுங்கள். நட்டைப் பார்த்து நின்றால் பைப் உங்கள் இடக்கைப் பக்கம், தரைக்குக் கிட்டத்தட்ட இணையாக நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அப்போது கீழே அழுத்தினால் கழலும். அறுபது கிலோ ஆள் நாலடி பைப்பின் நுனியில் பாரத்தைக் கொடுத்தால் ஏறக்குறைய 700 நியூட்டன் மீட்டர் முறுக்கு கிடைக்கும். நட்டை முடுக்கியதோ பெரும்பாலும் 200 முதல் 280க்குள். துருவையும் சேர்த்தே இது போதும். குதிக்காதீர்கள், மெல்ல மெல்ல முழுப் பாரத்தையும் கொடுங்கள். ஒரு கையால் வண்டியைப் பிடித்துக்கொள்ளுங்கள். 'டப்' என்று ஒரு வெடிச் சத்தம் கேட்டால் பயப்பட வேண்டாம். அதுதான் காத்திருந்த சத்தம். சந்தேகம் இருந்தால் உடனே குனிந்து, நட்டு நகர்ந்ததா, பார் ஒடிந்ததா என்று பாருங்கள்.

அரைச் சுற்று வந்து மறுபடி இறுகினால் முரட்டுத்தனமாக இழுக்காதீர்கள். கால் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே, நடுவில் எண்ணெய் என்று ஆட்டி ஆட்டி எடுங்கள்.

*ஏர் கன்:* பைப்புக்கும் மசியவில்லையா? ரிங் ரோட்டில் லாரிகளுக்குப் பஞ்சர் பார்க்கும் கடைகளில் பெரிய ஏர் கன் இருக்கும். லாக்கை நிமிர்த்தி, எண்ணெய் ஊறவைத்து வண்டியை அங்கே கொண்டுபோங்கள். லாரி நட்டைக் கழற்றுகிற கன்னுக்கு இது கடலை மிட்டாய். சாக்கெட் கறுப்பு நிற இம்பாக்ட் வகையாக இருக்க வேண்டும், பளபளக்கும் குரோம் சாக்கெட் வெடிக்கும். ஒரு நிபந்தனை: கழற்றிய நட்டை அங்கேயே கையால் திருகி, பாராலும் நன்றாக முடுக்கிக்கொண்டுதான் வீட்டுக்கு ஓட்டி வர வேண்டும். நட்டு தளர்ந்த ஹப்பில் (வீலை மாட்டும் நடுப் பாகம்) வண்டியின் பாரத்தைப் போட்டு உருட்டினால், நல்லதாக இருந்த பேரிங்கும் போய்விடும்.

*வெட்டுவது:* முனை மழுங்கி எதுவும் பிடிக்கவில்லை என்றால் நட்டை வெட்டிவிடலாம், எப்படியும் புது நட்டுதான் போடப் போகிறோம். கிரைண்டரால் நட்டின் ஒரு முகத்தை மரைக்குச் சற்று மேல் வரை தேய்த்துவிட்டு, மிச்சத்தை உளியால் பிளக்க வேண்டும். ஒரு மயிரிழை ஆழம் தப்பினால் ஷாஃப்டு மரை போச்சு. கிரைண்டர் கையில் பழகாதவர்கள் இதைச் செய்ய வேண்டாம். வெல்டிங் பட்டறைக்காரரைக் கூப்பிட்டால் கால் மணியில் முடித்துவிடுவார்.

*சூடு:* கேஸ் டார்ச் அடித்தால் நட்டு வரும், மறுக்கவில்லை. கூடவே பேரிங் சீல், ஷாஃப்டு ஜாயின்டின் கிரீஸ், பூட், வீலின் வேகத்தைப் பார்க்கும் ஏ.பி.எஸ். சென்சார் எல்லாம் வெந்துபோகும். எல்லாவற்றையும் மாற்றப் போகிறீர்கள் என்றால் மட்டும், அதுவும் பட்டறையில்.

நட்டு வந்துவிட்டது, ஷாஃப்டு ஹப்பை விட்டு வரவில்லை

வண்டியைத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, வீலைக் கழற்றியாகிவிட்டது. ஷாஃப்டு நுனியில் சுத்தியலால் ஓங்கி ஒரு அடி போடத்தான் கை துறுதுறுக்கும். நுனி காளான் மாதிரி விரிந்துவிட்டால் பிறகு எந்த நட்டும் ஏறாது. பழைய நட்டை நுனியோடு சமமாக வருகிற வரை திருகி வைத்து, அதன் மேல் கட்டை கொடுத்துத் தட்டுங்கள். பித்தளைச் சுத்தியல் இருந்தால் இன்னும் நல்லது. அசையவில்லை என்றால் வீல் போல்ட்டுகளில் மாட்டும் ஹப் புல்லரை வாடகைக்குக் கேளுங்கள். புல்லரை முடுக்கிவிட்டு, எண்ணெய் விட்டு, டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் பல சமயம் தானாகவே நகர்ந்திருக்கும்.

வந்த ஷாஃப்டைத் தொங்க விடாதீர்கள், உள் ஜாயின்ட் பிரிந்துவிடும். கயிற்றால் கட்டுங்கள். காலிப்பருக்கும் அதேதான். அது பிரேக் ஹோஸில் தொங்கக் கூடாது, ஸ்பிரிங்கில் கம்பியால் கட்டி வையுங்கள். ஏ.பி.எஸ். சென்சாரை முதலிலேயே கழற்றிவிடுங்கள். ஸ்ட்ரட்டையும் (ஸ்பிரிங் ஏறிய ஷாக் அப்சார்பர்) நக்கிளையும் (பேரிங் உட்கார்ந்திருக்கும் இரும்புப் பாகம்) சேர்க்கும் போல்ட்டுகளைக் கழற்றுவதற்கு முன் இரண்டின் நிலையையும் பெயின்ட்டால் குறியிட்டு வையுங்கள். எப்படியும் கடைசியில் அலைன்மென்ட் பார்க்க வேண்டும், ஆனால் அந்தக் கடை வரை வண்டி நேராகப் போக வேண்டுமே.

ஹப்பையும் பேரிங்கையும் நக்கிளிலிருந்து பிரிக்க முடியவில்லை

பிரிக்கவும் வேண்டாம். சில வண்டிகளில் ஹப்பும் பேரிங்கும் ஒரே பாகமாக, நாலு போல்ட்டில் வரும். அப்படியென்றால் நீங்களே மாற்றிவிடலாம். பேரிங்கை நக்கிளுக்குள் அழுத்தி ஏற்றிய வகையென்றால் ஹைட்ராலிக் பிரஸ் உள்ள லேத்துப் பட்டறைக்குத்தான் போக வேண்டும். நக்கிளைக் கையில் தூக்கிக்கொண்டு போனால் வண்டியைக் கொண்டுபோவதை விடக் கூலி பாதியாகக் குறையும். சுத்தியலும் பழைய சாக்கெட்டும் வைத்து அடித்து ஏற்றும் வீடியோக்களைப் பார்த்து மயங்காதீர்கள்.

நான் மாற்றியதையே மறுபடி மாற்றிய கதை இதுதான். ஒரு பட்டறையில் அவசரத்தில் பேரிங்கின் உள்வளையத்தில் அழுத்தி நக்கிளுக்குள் ஏற்றினார்கள். உள்ளே குண்டுகள் ஓடும் பாதையில் குழி விழுந்தது. முதல் வாரம் அமைதி, மூன்றாம் வாரம் ஊளை. அதிலிருந்து பக்கத்திலேயே நின்று இந்த மூன்றைப் பார்க்கிறேன். நக்கிளுக்குள் ஏற்றும்போது வெளிவளையத்தில் அழுத்த வேண்டும். ஹப்பை ஏற்றும்போது பேரிங்கின் உள்வளையத்துக்கு அடியில் முட்டுக் கொடுத்திருக்க வேண்டும். பழையதை வெளியே தள்ளுவதற்கு முன் சர்கிளிப் லாக்கை எடுத்திருக்க வேண்டும். பட்டறைக்காரர் "தம்பி, நாப்பது வருஷமா இதத்தான் பாக்குறேன்" என்பார். "சரிண்ணே" என்று சொல்லிவிட்டு அங்கேயே நில்லுங்கள்.

பழைய உள்வளையத்தில் பாதி ஹப்பிலேயே ஒட்டிக்கொண்டு வரும். அதைக் கிரைண்டரால் எடுக்கும்போது ஹப்பின் கழுத்தில் கீறல் விழுந்துவிட்டால் ஹப்பும் புதிது வாங்க வேண்டும்.

புது பேரிங் கையால் தள்ளினாலே நக்கிளுக்குள் போகிறது என்றால் நக்கிளின் துளை தேய்ந்துவிட்டது. உள்ளே பஞ்ச் புள்ளிகள் அடித்து 'டைட் பண்ணித் தரேன்' என்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். நல்ல பழைய நக்கிள் தேடுங்கள்.

முடுக்குவது

இது அறிகுறி இல்லைதான். ஆனால் அடுத்த அறிகுறி இங்கேதான் பிறக்கிறது. பழைய நட்டை மறுபடி போடாதீர்கள், அதன் கழுத்து ஒருமுறை மடங்கி நிமிர்ந்து களைத்தது. புது நட்டைக் கையால் திருகி, வீலை மாட்டி, டயர் தரையைத் தொடும் அளவுக்கு மட்டும் வண்டியை இறக்குங்கள். வண்டியின் முழுப் பாரமும் விழும் முன், பிரேக்கை மிதிக்க வைத்து, குறித்த அளவுக்கு முடுக்க உதவும் டார்க் ரெஞ்சால் முடுக்குங்கள். அளவு வண்டிக்கு வண்டி மாறும், சர்வீஸ் கையேட்டில் இருப்பதே முடிவு. ஏர் கன்னால் முடுக்க விடவே கூடாது. அந்தக் கன் 200 கொடுத்ததா 500 கொடுத்ததா என்று அடித்தவருக்கே தெரியாது. டார்க் ரெஞ்ச் இல்லை என்றால் அரை மணி நேரம் வாடகைக்கு வாங்குங்கள். பிறகு நட்டின் கழுத்தைக் காடிக்குள் பஞ்ச் வைத்து மடக்குங்கள்.

மாற்றிய பிறகும் கோளாறு

*உடனே ஊளை:* பக்கம் மாறிப் பார்த்திருக்கிறீர்கள், அல்லது டயர். முதல் தலைப்புக்குத் திரும்புங்கள்.

*சில வாரத்தில் ஊளை:* பிரஸ் வேலை தப்பு, இல்லையென்றால் நட்டின் முடுக்குத் தப்பு. பட்டறையில் சண்டை போடுவதற்கு முன் நட்டைச் சோதியுங்கள். இரண்டும் சரி என்றால் தண்ணீர். ஐப்பசி மழையில் யானைக்கல் தரைப்பாலம் மூழ்கும் நாட்களிலும், ரயில்வே சுரங்கப் பாதையில் முழங்கால் தண்ணீர் நிற்கும்போதும், ஓடிச் சூடான ஹப்போடு இறங்கினால் சீல் வழியாகத் தண்ணீர் உள்ளே போய்விடும். அப்போது பேரிங் மேல் குற்றமில்லை.

*ஏ.பி.எஸ். விளக்கு எரிகிறது:* முதலில் சென்சார் வயர் பிளக் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, வயர் எங்காவது நசுங்கியதா என்று பாருங்கள். அது சரியென்றால் பேரிங் திருப்பிப் போடப்பட்டிருக்கும். பல பேரிங்குகளில் ஒரு பக்க சீல் காந்தத் தன்மையோடு இருக்கும், அந்தப் பக்கம்தான் சென்சாரைப் பார்க்க வேண்டும். ஏற்றுவதற்கு முன் ஒரு குண்டூசியை அருகே கொண்டுபோனால் எந்தப் பக்கம் என்று தெரியும். திருப்பிப் போட்டதை எடுத்தால் பேரிங் பாழ், இன்னொன்று வாங்கித்தான் ஆக வேண்டும்.

*கையில் நடுக்கம்:* வீல் நட்டுகளை முடுக்கினீர்களா? டிஸ்குக்கும் ஹப்புக்கும் நடுவே துரு, மண் எதுவும் உட்காரவில்லையே? இரண்டும் சரியென்றால் வீல் பேலன்சிங்.

பின் சக்கர இழுவை வண்டி, பழைய ஜீப், சுமை வண்டி வைத்திருப்பவர்களுக்கு

நாலு சக்கர இழுவை இல்லை என்றால் உங்கள் முன் ஹப்பில் ஷாஃப்டு இருக்காது, பெரும்பாலும் இரண்டு கூம்பு ரோலர் பேரிங்குகள்தான். ஊளையோ ஆட்டமோ வந்தால் புதிது வாங்கும் முன் கழுவிப் பாருங்கள். டீசலில் கழுவித் துடைத்த ரோலரில் குழியோ நீல நிறமோ இல்லை என்றால் வீல் பேரிங் கிரீஸை உள்ளங்கையில் வைத்து ரோலர்களுக்கு இடையே பிதுங்கி வரும் வரை அழுத்தி ஏற்றி, மறுபடி போடலாம். சோழவந்தான் பக்கம் வயல் வரப்புச் சேற்றில் இறங்கும் வண்டிகளுக்கு அறுப்பு முடிந்ததும் ஒருமுறை இதைச் செய்துவிட்டால் நல்லது.

இங்கே நட்டை டார்க் ரெஞ்சால் இறுக்கிவிட்டால் பேரிங் எரிந்துபோகும். வீலைச் சுற்றிக்கொண்டே நட்டை முடுக்கி, சுற்றுவது கனத்ததும் நிறுத்தி, கால் சுற்று தளர்த்தி, பிறகு விரலால் முடிந்த வரை மட்டும் திருகி, ஸ்பிளிட் பின்னுக்கான துளை சேரும் இடத்தில் புதுப் பின்னைப் போடுங்கள். பத்துக் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு ஹப்பைத் தொடுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி. கை வைக்க முடியவில்லை என்றால் பின்னை உருவி, நட்டை ஒரு காடி தளர்த்தி, மறுபடி பத்துக் கிலோமீட்டர்.